நாணை விட்டுப் போன அம்பைத் தள்ளுவது யார்?

பொருநை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன். நியூட்டன் விதிகளைத் தொடங்கும் முன் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்பது வழக்கம். ஒரு நாணயத்தை மேலே சுண்டிவிடுகிறோம். கையை விட்டு அது மேலே போய்க்கொண்டிருக்கும்போது அதன்மேல் என்னென்ன விசைகள் செயல்படுகின்றன? படம் வரைந்து அம்புக்குறி போடுங்கள் என்பேன். பெரும்பாலானவர்கள் கீழ்நோக்கி ஒன்று, மேல்நோக்கி அதைவிடப் பெரிதாக ஒன்று போடுவார்கள். மேலே போவது என்ன விசை என்றால் "சுண்டின விசை டீச்சர்" என்று பதில் வரும். போகப்போக அது தீர்ந்துகொண்டே வருமாம். உச்சியில் இரண்டும் சமமாம். அப்புறம் எடை ஜெயித்துவிடுமாம்.

காற்றைக் கணக்கில் எடுக்காவிட்டால் சரியான விடை கீழ்நோக்கி ஒரே ஒரு விசைதான். கை விட்டதோடு கையின் வேலை முடிந்தது. இது நம் பிள்ளைகளுக்கு மட்டும் உள்ள குழப்பமும் இல்லை. ஜான் கிளெமென்ட் என்ற ஆய்வாளர் அமெரிக்கப் பொறியியல் மாணவர்களிடம் இதே நாணயக் கேள்வியைக் கேட்டு, அவர்களிலும் பெரும்பாலோர் இதே மேல்நோக்கிய அம்புக்குறியைப் போட்டதை 1982இல் எழுதினார்.

என்னை யோசிக்க வைப்பது வேறு. பிள்ளைகள் சொல்லும் இந்த விடை, 6ஆம் நூற்றாண்டு அலெக்சாந்திரியாவிலும் 14ஆம் நூற்றாண்டு பாரிசிலும் இருந்த மிகக் கூர்மையான மனிதர்கள் சொன்ன விடைக்கு மிக அருகில் இருக்கிறது. பாடநூல்களில் "அரிஸ்டாட்டில் தவறு, கலீலியோ சரி" என்று இரண்டு வரியில் கதை முடிந்துவிடுகிறது. இடையில் கிடக்கும் ஏறத்தாழ 2000 ஆண்டுகளைப் பற்றிப் பேசலாமா? நாண் இங்கே இருக்கிறது, அம்பு அங்கே போய்க்கொண்டிருக்கிறது. இப்போது அதை நகர்த்துவது எது?

ஏடு

நல்ல இழை டீச்சர். அரிஸ்டாட்டிலிலிருந்தே தொடங்குகிறேன். அறிவியல் வரலாற்றில் அவரளவுக்கு அநியாயமாகத் திட்டு வாங்கியவர்கள் குறைவு.

இயற்கை என்றால் அவருக்கு ஒரு பொருளின் உள்ளேயே இருக்கிற, அசைவுக்கும் ஓய்வுக்குமான காரணம். மரக்கட்டிலைத் தூக்கிப் போட்டால் விழுகிறது. அது கட்டிலாக இருப்பதால் விழவில்லை, மரமாக இருப்பதால் விழுகிறது. விதை செடியாவது, பச்சைக்காய் பழுப்பது, நோயாளி தேறுவது, கல் கீழே வருவது எல்லாமே அவருக்கு ஒரே குடும்பம். உள்ளே கூடுமானதாகக் கிடப்பது வெளியே நடப்பாக ஆகிக்கொண்டிருக்கிறது. இடம் மாறுவது அதில் ஒரு வகை மட்டுமே. நாம் இன்று இடமாற்றத்தைத் தனியாகப் பிரித்துப் படிக்கிறோம். அந்தப் பிரிவினையே பிற்காலத்து முடிவு.

மண்ணும் நீரும் கீழே தம் இடத்தைத் தேடிப் போகின்றன, தீயும் காற்றும் மேலே. இவை இயல்பான அசைவுகள். கல்லை மேலே எறிவது வலிந்து செய்யும் அசைவு. அதற்குத் தள்ளுகிறவன் வேண்டும், தொட்டுக்கொண்டே இருக்கவும் வேண்டும். இங்கேதான் டீச்சரின் அம்பு அவருக்குச் சிக்கலாகிறது. தொடுகிறவன் எவனும் இல்லாமல் அது எப்படிப் போகிறது? நாண் காற்றையும் சேர்த்தே தள்ளுகிறது, அந்தக் காற்று தள்ளும் திறனைப் பெற்று அடுத்த காற்றுக்குக் கொடுக்கிறது, அப்படியே கைமாறி அம்பைக் கொண்டுபோகிறது என்றார்.

இந்த விடை பலவீனமானது என்பதை மறுக்கவில்லை. ஆனால் வெற்றிடம் கிடையாது என்று வாதாடும் இடத்தில் அவர் என்ன சொல்கிறார் பாருங்கள். வெற்றிடத்தில் ஒரு பொருள் நகர ஆரம்பித்தால் அது ஏன் ஓரிடத்தில் நிற்க வேண்டும்? அங்கே நிற்காமல் இங்கே நிற்க என்ன காரணம்? ஆகவே ஒன்று அது அசையாமல் இருக்கும், இல்லையென்றால் வலிமையான ஏதாவது தடுக்கும்வரை முடிவில்லாமல் போய்க்கொண்டே இருக்கும். இப்படி நடப்பது அபத்தம், ஆகவே வெற்றிடம் இல்லை என்று முடிக்கிறார். நியூட்டனின் முதல் விதிக்கு இவ்வளவு அருகில் வந்து, அதையே அபத்தத்துக்கு எடுத்துக்காட்டாக வைத்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார். எத்தனை முறை படித்தாலும் அந்தப் பத்தி என்னை உலுக்குகிறது.

கோவை_கடைசல்

ஏடு ஐயா, உங்கள் படிப்பின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் இதை ஏற்க முடியவில்லை. பெரிய கல் ஒன்றும் சின்னக் கல் ஒன்றும் மாடியிலிருந்து போட்டுப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? பத்து மடங்கு எடையுள்ளது பத்து மடங்கு வேகமாக விழும் என்ற கணக்கை அத்தனை காலம் சுமந்தார்களே. உட்கார்ந்து யோசித்தவர்கள் வழியை மறித்தார்கள், கலீலியோ கையால் செய்து பார்த்துத் திறந்தார். என் பார்வையில் கதை அவ்வளவுதான்.

பட்டறைக்காரனாக இன்னொன்றும் சொல்கிறேன். மோட்டாரை அணைத்த பிறகும் ஃப்ளைவீல் சுற்றிக்கொண்டே இருக்கும். அது இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை. காற்று பின்னால் வந்து தள்ளுகிறது என்றால், சக்கரத்துக்குப் பின்பக்கம் எது?

ஏடு

கடைசல் நண்பரே, நீங்கள் கேட்ட இதே கேள்வியை 14ஆம் நூற்றாண்டில் பாரிஸ் பல்கலைக்கழகத்தில் ழான் பூரிடான் கேட்டார். உங்கள் ஃப்ளைவீலுக்குப் பதில் அவரிடம் இருந்தது சாணைக்கல். கொல்லன் கையை எடுத்த பிறகும் அது சுற்றுகிறது, இடம் மாறவில்லை, சுற்றிலும் துணியால் மூடினாலும் நிற்பதில்லை. பின்முனையையும் கூராகச் செதுக்கிய ஈட்டியும் மற்ற ஈட்டி போலவே பறக்கிறது, அந்தக் கூர்முனையைக் காற்று எங்கே பிடித்துத் தள்ளும் என்றார். ஆற்றை எதிர்த்து இழுத்துச் செல்லும் படகை இழுப்பதை நிறுத்தினாலும் அது கொஞ்சம் ஓடுகிறது. மேல்தட்டில் நிற்பவனுக்குக் காற்று முகத்தில் அடிக்கிறதே தவிர முதுகில் தள்ளவில்லை என்றார். உட்கார்ந்து யோசித்தவர் என்று இவரைத் தள்ளிவிட முடியுமா?

அவருக்கும் சுமார் 800 ஆண்டுகளுக்கு முன்னால் அலெக்சாந்திரியாவில் ஜான் பிலோபோனஸ். அரிஸ்டாட்டிலுக்கு உரை எழுதிக்கொண்டே அவரை எதிர்த்தவர். காற்றுதான் அம்பைத் தள்ளுகிறது என்றால் வில் எதற்கு, நாண் எதற்கு? அம்பை ஒரு கோலின் நுனியில் வைத்துவிட்டுப் பின்னாலிருந்து எத்தனை துருத்தி வேண்டுமானாலும் வைத்து ஊதுங்கள், ஒரு முழம்கூடப் போகாது என்றார். எறிகிறவன் பொருளுக்குள்ளேயே ஒரு நகர்த்தும் திறனைப் பதித்துவிடுகிறான் என்பது அவர் முடிவு. நீங்கள் கேட்ட கல்லும் அவரிடம் இருக்கிறது. எடையில் பெரிய வேறுபாடு உள்ள இரண்டு பொருள்களை ஒரே உயரத்திலிருந்து விட்டால், விழும் நேர வேறுபாடு மிகச் சிறிது என்று எழுதிவைத்திருக்கிறார். அவர் நூல் 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் அச்சாகிப் பரவியது. இளம் வயதில் கலீலியோ அவர் பெயரைக் குறிப்பிடுகிறார்.

நடுவில் இப்னு சீனா (இறப்பு 1037). எறியப்பட்ட பொருளில் ஒரு சாய்வு குடியேறுகிறது, வெளித்தடை எதுவும் இல்லையென்றால் அது தானாகத் தீராது என்றார். வெற்றிடத்தில் எறிந்தால் பொருள் நிற்கவே நிற்காது என்பது இதன் விளைவு. அதையே வெற்றிடம் இல்லை என்பதற்குச் சான்றாக்கினார். மறுபடியும் அதே வாசல்வரை வந்து திரும்பிய கதை. பாக்தாதின் அபுல் பரகாத் மாற்றிச் சொன்னார்: அது தானாகவே தீர்ந்துபோகும். டீச்சரின் பிள்ளைகள் பரகாத் கட்சி.

சாலியூர்

இங்கே வைசேடிகம் என்ற இந்தியத் தத்துவ மரபையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கணாதரின் சூத்திரங்களில் ஐந்தாம் அத்தியாயத்தில் அம்பே வருகிறது. அம்பின் முதல் அசைவு நாண் தள்ளுவதால் உண்டாகிறது. அந்த அசைவு அம்புக்குள் ஒரு சம்ஸ்காரத்தை உண்டாக்குகிறது. அடுத்த அசைவும் அதற்கடுத்ததும் அந்தச் சம்ஸ்காரத்தால் நடக்கின்றன. அது இல்லாமல் போனதும் கனத்தால் அம்பு விழுகிறது. பின்வந்த வைசேடிக ஆசிரியர் பிரசஸ்தபாதர் இதை வேகம் என்ற குணமாக விரித்து எழுதுகிறார். காற்றை இதில் இழுக்கவே இல்லை. பிலோபோனஸ் சொன்னதற்கு இணையான பார்வை, வேறொரு மண்ணில், வேறொரு தர்க்க மரபில் வளர்ந்தது.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். "நியூட்டனின் மூன்று விதிகளும் கணாதரிடம் இருக்கின்றன" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி அந்த நூலுக்குச் செய்யும் அவமரியாதை. அங்கே வேகம் அசைவுக்குக் காரணம். நியூட்டனிடம் சீரான ஓட்டத்துக்குக் காரணமே வேண்டாம். அங்கே அளவும் இல்லை, சமன்பாடும் இல்லை. இருப்பது உலகில் உள்ளவற்றைப் பொருள், குணம், கருமம் என்று வகுத்துக் காட்டும் பேருழைப்பு. அதற்காகவே அதைப் படிக்கலாம்.

தமிழில் மணிமேகலையின் சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதையில் ஆசீவகர் பேசும் இடத்தைப் பாருங்கள். நீர் இழியும், தீ மேலே எழும், காற்று குறுக்கே அசையும் என்று ஒவ்வொரு பூதத்துக்கும் அதனதன் அசைவே இயல்பாகச் சொல்லப்படுகிறது. அரிஸ்டாட்டிலைப் படித்துவிட்டு இதைப் படித்தால் அந்தக் கேள்வி எவ்வளவு பரவலாக இருந்தது என்று தெரியும்.

தும்பி

நான் இயற்பியல் முதலாண்டு. ஒரு சந்தேகம். பூரிடான் சொன்ன இம்பெட்டஸ் (எறிகிறவன் பொருளுக்குள் பதிக்கும் ஓட்டும் திறன்) பொருளின் அளவையும் வேகத்தையும் பொறுத்தது என்று படித்தேன். நிறை பெருக்கல் திசைவேகம். அப்படியென்றால் அது நம் உந்தம்தானே? 1350 வாக்கிலேயே விஷயம் முடிந்துவிட்டது என்று சொல்லலாமா?

பொருநை

முடிந்துவிடவில்லை தும்பி. கணக்கு ஒத்துப்போகிறது, ஆனால் அது செய்யும் வேலை வேறு. பூரிடானுக்கு இம்பெட்டஸ் உள்ளே உட்கார்ந்து ஓட்டும் காரணம். அது இருப்பதால் அம்பு ஓடுகிறது. நமக்கு உந்தம் ஓட்டத்தின் அளவு. அம்பு ஓடுகிறது, அந்த ஓட்டத்தை அளந்தால் இவ்வளவு. எதுவும் எதையும் ஓட்டவில்லை.

இந்த வேறுபாட்டைத்தான் வகுப்பில் கொண்டுவரப் பார்க்கிறேன். பிள்ளைகள் வரைந்த மேல்நோக்கிய அம்புக்குறியை அழிக்கச் சொல்வதில்லை. "சரி, அந்த விசை இப்போது நாணயத்தில் இருக்கிறது. நாணயத்தோடு சேர்ந்து நீயும் அதே வேகத்தில் மேலே போகிறாய். உன் பார்வையில் நாணயம் நிற்கிறது. அப்போதும் அந்த விசை அதில் இருக்கிறதா?" என்று கேட்பேன். அங்கேதான் வகுப்பு சூடுபிடிக்கும். சில பிள்ளைகள் விடாமல் வாதாடுவார்கள், எனக்கு அவர்களை மிகவும் பிடிக்கும். அந்த விசை உண்மையில் பொருளுக்குள் இருந்தால் பார்க்கிறவன் மாறும்போது அது காணாமல் போகக்கூடாதல்லவா?

பூரிடானையும் குறைத்துச் சொல்லக்கூடாது. தடை இல்லாவிட்டால் இம்பெட்டஸ் நிலைத்திருக்கும் என்றார். படைப்பின்போது கடவுள் வானக்கோளங்களுக்கு இம்பெட்டஸ் கொடுத்திருந்தால் போதும், அங்கே தடை இல்லாததால் அவை தாமாகவே சுற்றிக்கொண்டிருக்கும், தள்ளுவதற்குத் தேவதூதர்கள் வேண்டியதில்லை என்றும் எழுதினார். விண்ணுக்கும் மண்ணுக்கும் ஒரே இயக்கவியல் என்ற எண்ணத்தை நோக்கி எடுத்துவைத்த பெரிய அடி அது.

தும்பி

நன்றி டீச்சர். அப்படியென்றால் பழைய கிரேக்கத் தத்துவஞானி சீனோவின் அம்புப் புதிர் இங்கே நேராகப் பொருந்துகிறதே. ஒரே ஒரு கணத்தை மட்டும் எடுத்தால் பறக்கும் அம்பு தன் நீள அளவு இடத்தில் அப்படியே இருக்கிறது, நிற்கும் அம்பும் அப்படியே இருக்கிறது. இரண்டுக்கும் அந்தக் கணத்தில் என்ன வேறுபாடு?

சாலியூர்

பௌத்தத் தத்துவஞானி நாகார்ஜுனர் இதற்குப் பக்கத்துக் கேள்வியைக் கேட்கிறார். கடந்துவிட்ட வழியில் இப்போது போக்கு இல்லை, கடக்காத வழியிலும் இல்லை, இவ்விரண்டும் போக இப்போது கடக்கும் வழி என்று தனியாக எதைக் காட்டுவாய்? சீனோ அசைவே மாயை என்ற பக்கம் நிற்கிறார். நாகார்ஜுனர் போகிறவன், போக்கு, வழி மூன்றும் ஒன்றைச் சார்ந்தே மற்றொன்று என்று காட்டப் பார்க்கிறார்.

ஏடு

தும்பி கேட்டது ஆழமான கேள்வி. பிலோபோனஸ், கணாதர், பூரிடான் மூவரிடமும் அதற்கு விடை தயாராக இருக்கிறது: பறக்கும் அம்புக்குள் ஒன்று இருக்கிறது, நிற்கும் அம்புக்குள் அது இல்லை. இம்பெட்டஸை எடுத்துவிட்டால் அந்த விடையும் கையைவிட்டுப் போகிறது. நியூட்டனுக்குப் பிறகு நாம் சொல்வது, திசைவேகம் என்பது அந்தக் கணத்தின் நிலையில் ஒரு பகுதி, இடத்தை மட்டும் சொன்னால் நிலையை முழுதாகச் சொன்னதாகாது என்பதே. அதே நேரத்தில் அந்தத் திசைவேகத்தை முன்னும் பின்னும் உள்ள கணங்களை வைத்துத்தான் வரையறுக்கிறோம். பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் அசைவு என்றால் வெவ்வேறு நேரத்தில் வெவ்வேறு இடத்தில் இருப்பது, அதற்கு மேல் எதுவும் இல்லை என்று முடித்தார். எனக்கு அதில் நிறைவு இல்லை. தத்துவத்துறையில் இன்றும் இதைப் பற்றி எழுதுகிறார்கள்.

சாலியூர்

டீச்சர் சொன்ன "கூடவே போனால்" என்பதை வைத்து ஒன்று. ஆரியபட்டர் 499இல் எழுதிய நூலில், படகில் முன்னோக்கிப் போகிறவனுக்குக் கரையில் நிற்பவை பின்னோக்கிப் போவதாகத் தெரிவது போல, அசையாத விண்மீன்கள் இலங்கையில் நேர் மேற்காகப் போவதாகத் தெரிகின்றன என்கிறார். (அவர்கள் கணக்கில் இலங்கை என்பது நிலநடுக்கோட்டில் உள்ள ஒரு குறிப்பிடம்.) சுற்றுவது பூமி.

எதிர்ப்பும் உடனே வந்தது. பூமி சுற்றினால் வானில் பறந்துபோன பருந்து எப்படித் தன் கூட்டுக்குத் திரும்பும் என்றார் வராகமிகிரர். உயரமான பொருள்கள் ஏன் விழாமல் நிற்கின்றன என்று 628இல் பிரம்மகுப்தர் கேட்டார். இவர்களைப் பழமைவாதிகள் என்று ஒதுக்குவது தவறு. நகரும் தரையிலிருந்து கிளம்பும் பறவை தரையின் ஓட்டத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது என்ற எண்ணம் கையில் இல்லாதவரை அந்தக் கேள்விக்கு விடை கிடையாது. வானவியலில் சரியான இடத்துக்கு வந்துவிட்ட ஆரியபட்டருக்குத் துணை நிற்க ஒரு இயக்கவியல் அப்போது இல்லை. பின்வந்த உரைகாரர்கள் பலர் அவர் வரியையே வேறு பொருளில் விளக்கிவிட்டார்கள். அது எனக்கு இன்றும் வருத்தம்.

ஏடு

அதே பருந்துக் கேள்வி ஐரோப்பாவில் கல்லாகவும் அம்பாகவும் வந்தது. நிக்கோல் ஓரேம் 1377இல் கப்பலை வைத்து அழகாகப் பதில் சொன்னார், பூமி சுழலவில்லை என்று எந்த அனுபவத்தாலும் நிரூபிக்க முடியாது என்று காட்டினார், கடைசியில் மறை நூலை முன்னிட்டுப் பூமி நிற்கிறது என்றே முடித்தார். கலீலியோ 1632இல் கப்பலின் கீழறைக்குள் வாசகரை இறக்கினார். வண்ணத்துப்பூச்சிகள், தொட்டியில் மீன், மேலிருந்து சொட்டும் தண்ணீர். கப்பல் நின்றாலும் சீராக ஓடினாலும் உள்ளே எதுவும் வேறுபடாது. 1640இல் பிரெஞ்சுத் தத்துவஞானி கசெந்தி மார்செய் துறைமுகத்தில் ஓடும் கப்பலின் பாய்மர உச்சியிலிருந்து குண்டுகளை விட்டுக் காட்டினார். மரத்தின் அடியிலேயே விழுந்தன.

கோவை_கடைசல்

நிறையத் தெரிந்துகொண்டேன், பூரிடானின் சாணைக்கல் எனக்குப் புதிது. ஆனாலும் என் கட்சியில் ஒரு பகுதியை விடமாட்டேன். சாணைக்கல்லைப் பார்த்தார், படகைப் பார்த்தார், சரி. அளந்தாரா?

கலீலியோ செய்தது அதுதான். கல் விழும் வேகத்தை அன்றிருந்த கருவியால் அளக்க முடியாது. ஆகவே சாய்தளம் போட்டு வீழ்ச்சியை மெதுவாக்கினார். மரத்தில் பள்ளம் செதுக்கி, இழைத்து, உள்ளே வழவழப்பான தோல் ஒட்டி, நன்றாகத் தேய்த்த வெண்கலக் குண்டை உருட்டினார். பெரிய பாத்திரத்திலிருந்து மெல்லிய குழாய் வழியே தண்ணீரை ஓடவிட்டு, வடிந்த தண்ணீரை எடைபோட்டு நேரத்தைக் கணித்தார். தூரம் நேரத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது என்று வந்தது. சம நேரங்களில் கடக்கும் தூரங்கள் 1, 3, 5, 7 என்று போகும். 1638இல் லைடனில் அச்சான அந்த நூலில் எந்தப் பொருளை எப்படித் தேய்த்தார் என்பதுவரை எழுதியிருக்கிறார். அதைப் படிக்கும்போது ஒரு கைவினைஞனின் குரல் கேட்கிறது. பட்டறையில் நிற்கிறவர்களுக்கு அது கூடுதலாகவே கேட்கும்.

ஏடு

முழுமையாக ஒத்துக்கொள்கிறேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: எதை அளப்பது என்பது ஏற்கனவே யோசிக்கப்பட்டிருந்தது. சீராக வேகம் கூடும் ஓட்டத்தில் கடந்த தூரம், நடுவேகத்தில் அதே நேரம் ஓடினால் கடக்கும் தூரத்துக்குச் சமம் என்பதை 1330களில் ஆக்ஸ்போர்டின் மெர்ட்டன் கல்லூரிக்காரர்கள் கண்டுவிட்டார்கள். ஓரேம் அதைப் படம் போட்டே நிரூபித்தார். எந்தப் பொருளும் இல்லாத வெறும் தர்க்கப் பயிற்சியாக. கலீலியோ அந்தத் தேற்றத்தை எடுத்துக் குண்டின்மேல் பொருத்தினார். பொருத்தலாம் என்று நினைத்ததில்தான் அவர் பெருமை.

ஆனால் கலீலியோவிடமும் ஒரு குறை. தடையில்லாத ஓட்டம் என்று அவர் நினைத்தது பெரும்பாலும் பூமியின் பரப்பை ஒட்டிய ஓட்டம், அதாவது வட்டம். நேர்கோடு என்று தெளிவாகச் சொன்னவர் டெகார்ட், 1644இல். இது சின்னத் திருத்தம் போலத் தெரியும். இந்தக் கதை முழுவதிலும் பெரிய திருப்பம் இதுதான் என்பது என் கருத்து.

1609இல் கெப்ளர் கோள்களை யார் பாதையில் தள்ளிக்கொண்டு போகிறார்கள் என்று கேட்டார். சூரியனிலிருந்து கிளம்பும் காந்தம் போன்ற ஒரு திறன் அவற்றைச் சுழற்றித் தள்ளுகிறது என்று விடை தேடினார். அவருக்குப் பொருளின் இயல்பு நிற்பதுதான், ஆகவே தள்ள ஆள் வேண்டும். நேர்கோட்டில் ஓடுவதே இயல்பு என்று வைத்துக்கொண்டால் அந்த ஆள் தேவையே இல்லை. கோள் தானாக ஓடும். விளக்கம் கேட்க வேண்டியது அது ஏன் நேராகப் போகாமல் வளைகிறது என்பதற்கு. 1679இல் ராபர்ட் ஹூக் நியூட்டனுக்கு எழுதிய கடிதத்தில் கோளின் ஓட்டத்தை இப்படிப் பிரிக்கிறார்: தொடுகோட்டில் நேராக ஓர் ஓட்டம், நடுவே உள்ள பொருளை நோக்கி ஓர் இழுப்பு. நியூட்டனின் 1687 நூல் அந்தக் கேள்விக்கான கணித விடை.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். இங்கே எய்தவனையும் விட்டுவிட்டார்கள். போகிற அம்பு போகட்டும், வளைத்தவன் யார் என்று தேட ஆரம்பித்தார்கள்.

பொருநை

இதைப் பாடநூலில் இரண்டு பத்தி எழுதினால் எவ்வளவு நன்றாக இருக்கும்! ஆனாலும் நியூட்டனே பழைய மொழியிலிருந்து முழுதும் வெளியே வரவில்லை. நிலைமத்தை அவர் பொருளின் உள்ளார்ந்த விசை என்றே வரையறைப் பகுதியில் எழுதுகிறார். அவருக்கே அவ்வளவு பிடிமானம் இருந்தபோது பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளைக் கோபித்துப் பயனில்லை.

சாலியூர்

வளைத்தவன் ஈர்ப்பு என்றாகிறது. அது எப்படி ஒன்றுமில்லாத வெளியைத் தாண்டி இழுக்கிறது? தொடாமல் அசைவு இல்லை என்ற அரிஸ்டாட்டிலின் கேள்வி அப்படியே நிற்கிறதே.

ஏடு

நிற்கிறது. அதை நியூட்டன் காலத்து ஜெர்மன் தத்துவஞானி லைப்னிட்ஸ் விடவே இல்லை. இது ஓயாத அற்புதம் அல்லது மறைகுணம், நாம் துரத்திவிட்ட பழைய தத்துவம் பின்வாசல் வழியே வருகிறது என்றார். நியூட்டனுக்கும் உள்ளூர அந்தச் சங்கடம் உண்டு. இடையில் எதுவும் இல்லாமல் ஒரு பொருள் தொலைவில் இன்னொன்றின் மேல் செயல்படும் என்பது பெரிய அபத்தம் என்று 1693இல் இறையியலாளர் பென்ட்லிக்கு எழுதினார். தன் 1687 நூலுக்கு 1713இல் வந்த இரண்டாம் பதிப்பின் முடிவில், ஈர்ப்பின் காரணத்தை நான் நிகழ்வுகளிலிருந்து கண்டறியவில்லை, கற்பனையாகக் காரணம் கட்டவும் மாட்டேன் என்று நிறுத்திக்கொண்டார். காரணம் சொல்லாமல் விதியை மட்டும் சொன்னால் போதுமா என்ற வழக்கு அன்று தொடங்கியது. போதும் என்று பழகிக்கொண்டோம். லைப்னிட்ஸ் கேட்டது நியாயமான கேள்வி என்றே நான் நினைக்கிறேன்.

தும்பி

ஒன்று செய்து பார்த்தேன், சொல்லலாமா? போனில் முடுக்கமானி இருக்கிறது, அதன் அளவைக் காட்டும் செயலியும் இருக்கிறது. மேசையில் சும்மா வைத்தால் 9.8 காட்டுகிறது. மெத்தைமேல் விழும்படி கையிலிருந்து விட்டால், விழும் நேரத்தில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டுகிறது. அசையாமல் இருக்கும்போது முடுக்கம், விழும்போது முடுக்கம் இல்லை. தலைகீழாக இருக்கிறதே?

பொருநை

அருமை தும்பி! அந்தக் கருவி தன்னை யாராவது தள்ளுகிறார்களா என்றுதான் அளக்கிறது. மேசை தள்ளுகிறது, காட்டுகிறது. விழும்போது யாரும் தள்ளவில்லை. 1907இல் பெர்ன் காப்புரிமை அலுவலகத்தில் ஐன்ஸ்டைனுக்குத் தோன்றியது இதுதான்: தடையில்லாமல் விழுகிறவனுக்குத் தன் எடை தெரியாது. 1915இல் அது முழுக் கோட்பாடானது. விழும் கல் இயல்பான ஓட்டத்தில் இருக்கிறது, விசை எதுவும் அதன்மேல் இல்லை. தரையில் கிடக்கும் கல்லைத்தான் தரை ஓயாமல் மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கிறது.

கோவை_கடைசல்

ஒரு நிமிஷம். கல் விழுவது இயல்பு, அதற்குத் தள்ளுகிறவன் வேண்டாம். இது அரிஸ்டாட்டில் சொன்னதுதானே?

ஏடு

பாதி. இரண்டு பேருக்கும் வீழ்ச்சி இயல்பானது. ஆனால் அரிஸ்டாட்டிலின் கல்லுக்குப் போய்ச்சேர வேண்டிய இடம் உண்டு. அங்கே சேர்ந்ததும் அது நிறைவடைகிறது, ஓய்வே அதன் முழுமை. ஐன்ஸ்டைனின் கல்லுக்கு வீடு கிடையாது. வெளியும் காலமும் அந்த இடத்தில் எப்படி வளைந்திருக்கிறதோ அதில் ஆக நேரான வழியில் போகிறது, தரை குறுக்கே வராவிட்டால் பூமியின் மையத்தையும் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும். இழுப்பவன் இல்லாததால் லைப்னிட்ஸின் புகாருக்கும் ஒருவகையில் விடை கிடைக்கிறது: இடையில் உள்ள வெளியே அந்த வேலையைச் செய்கிறது.

கோவை_கடைசல்

அப்படியென்றால் நியூட்டனின் வாளி என்ன ஆயிற்று? கயிற்றில் தொங்கும் வாளி சுழலும்போது தண்ணீர் ஓரத்தில் ஏறுகிறது. எதை ஒப்பிட்டுச் சுழற்சி? வாளியை ஒப்பிட்டு என்றால் சரியாக வராது, ஏனென்றால் தண்ணீரும் வாளியும் சேர்ந்தே சுற்றும்போதும் தண்ணீர் குழிந்துதான் நிற்கிறது. முழுமுதல் வெளியை ஒப்பிட்டு என்றார் நியூட்டன். விண்மீன்களையும் மற்ற எல்லாப் பொருள்களையும் ஒப்பிட்டு என்றார் இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக், 1883இல். ஐன்ஸ்டைன் யார் பக்கம்?

ஏடு

மாக் பக்கம் நிற்க ஆசைப்பட்டார். அவருடைய சமன்பாடுகள் முழுவதும் இடம்கொடுக்கவில்லை. வேறு எந்தப் பொருளும் இல்லாத வெளியில் தனியாகச் சுழலும் கருந்துளைக்கு 1963இல் ராய் கெர் தீர்வு கண்டார். மாக் சொன்னபடி என்றால் அங்கே சுழற்சி என்ற பேச்சுக்கே பொருள் இருக்கக்கூடாது.

ஆனால் மாக் முழுதாகத் தோற்கவும் இல்லை. சுழலும் பெரிய பொருள் பக்கத்தில் உள்ள வெளியைக் கொஞ்சம் தன்னோடு இழுத்துச் சுற்றும், ஆகவே எது சுழலாத நிலை என்பதில் அந்தப் பொருளுக்கும் ஒரு பங்கு உண்டு. இதைச் சோதிக்க 2004இல் கிராவிட்டி புரோப் பி என்ற செயற்கைக்கோளை அனுப்பினார்கள். உள்ளே பிங்பாங் பந்து அளவில் நான்கு குவார்ட்ஸ் உருண்டைகள், சுழலிகளாக. பூமியின் சுழற்சி அவற்றின் அச்சை ஆண்டுக்கு 39 மில்லிவிகலை அளவு திருப்ப வேண்டும் என்பது கணக்கு. ஒரு விகலை என்பது ஒரு பாகையில் 3600இல் ஒன்று. மில்லிவிகலை அதிலும் ஆயிரத்தில் ஒன்று. 2011இல் வந்த முடிவு 37, பிழை வரம்பு 7. எது சுழலாத நிலை என்பதை முழுதாக முடிவுசெய்ய நம் பூமி போதாது, ஆனால் கொஞ்சம் திருப்புகிறது.